குழுவின் நடையறிந்து கூட்டம் நடத்துவோம்

(தஞ்சைப் பகுதியில் உழவர் குழுக்களுக்குப் பொறுப்பேற்றுள்ள முன்னோடி உழவர்களிடையே உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



வேளாண்மைக் கல்லூரியிலிருந்து ஒருவர் பேச வந்தால் விதை, உரம், பயிர்ப் பாதுகாப்பு என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்ப்பீர்கள். இன்று நான் அவற்றைப் பற்றிப் பேசப் போவதில்லை. அவற்றை இருபது பேர் கூடிய இடத்தில் எடுத்துச் சொல்லும்போது, கேட்பவர்கள் அதற்குத் தயாராக இருக்கிறார்களா, எந்த வேகத்தில் எடுத்துக்கொள்வார்கள் என்பதை அறிவது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் ஊரில் ஒரு குழுவை நடத்துகிறீர்கள். 2017-18ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 20 உழவர்களைக் கொண்டு உழவர் ஆர்வலர் குழுவும், அத்தகைய ஐந்து குழுக்களை இணைத்து 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழுவும் அமைக்கப்பட்டன. இவை தவிர வயல்வெளிப் பள்ளிக் குழு, பாசன சங்கம், மகளிர் குழு என்று பலவும் உள்ளன. குழு எதுவானாலும் அதை நடத்துபவர் கூட்டத்தின் முன் நின்று ஒரு செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லுவது எளிது. எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் சிரமம் இருக்கிறது.

நடவு வரிசையைப் பாருங்கள்

நடவு நடக்கும்போது வரப்பில் நின்று பார்த்திருப்பீர்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டே பின்னோக்கி நகர்கிறார்கள். எல்லாருக்கும் கைவேகம் ஒன்றாக இருப்பதில்லை. அவர்களில் ஐம்பது வயதைக் கடந்தவரும் இருப்பார், முதல் ஆண்டு நடவுக்கு வந்த பெண்ணும் இருப்பார். ஒருவர் கை ஓயும்போது இரு பக்கத்திலும் இருப்பவர்கள் அவர் பங்கில் ஒரு குத்து, இரண்டு குத்து சேர்த்து நட்டுக் கொடுக்கிறார்கள். கைவேகம் உள்ளவர் தம் பாட்டுக்கு நகர்ந்து போவதில்லை. போனால் நடுவில் திட்டுத் திட்டாக இடம் விட்டுப் போகும். இதை யாரும் கட்டளையிட்டுச் செய்விப்பதில்லை. பக்கத்தில் இருப்பவரின் கையைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே நடுகிறார்கள், அவ்வளவுதான்.

குழு நடத்துபவருக்கு வேண்டியது இந்தக் கடைக்கண் பார்வையே. நம்மில் பலர், நான் உட்பட, கூட்டத்தில் நம் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நடுகிறோம். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தோமா என்பதே நம் கவலையாக இருக்கிறது.

நான் செய்த தவறு

பணியில் சேர்ந்த புதிதில் வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில் உள்ள ஓர் ஊருக்குச் செம்மை நெல் சாகுபடி பற்றிப் பயிற்சி தரச் சென்றேன். நெல்லுக்கு இது புதிய முறையன்று. மடகாஸ்கர் நாட்டில் 1980களில் உருவாகி, நம் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யப்பட்டு, 2003-04ஆம் ஆண்டில் காவிரிப் பாசனப் பகுதியிலும் தாமிரபரணிப் பாசனப் பகுதியிலும் தலா 100 உழவர் வயல்களில் செய்து பார்க்கப்பட்டது. ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதை, ஒரு சென்ட் நாற்றங்கால், 14 நாள் நாற்று, குத்துக்கு ஒரே நாற்று, 22.5 செ.மீ. சதுர இடைவெளி, கோனோவீடர் ஓட்டுதல், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுதல். இவை அனைத்தையும் ஒரே பிற்பகலில் சொல்லி முடித்தேன். எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது.

கோயில் மண்டபத்தில் இருபத்திரண்டு பேர் அமர்ந்திருந்தனர். முடிவில், "புரிந்ததா?" என்று கேட்டேன். "புரிஞ்சுது சார்" என்றார்கள். "தாளடிக்குச் செய்யலாமா?" என்று கேட்டேன். "செய்யலாம், செய்யலாம்" என்று பல குரல்கள் எழுந்தன. பின்வரிசையில் தூணோரம் இருந்த ஒருவர் மட்டும், "தண்ணி வடிஞ்சா சரி" என்றார். அனைவரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். மாலை நாலரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. எட்டுப் பேர் பெயரை எழுதிக்கொண்டு புறப்பட்டு விட்டேன்.

எட்டுப் பேரும் ஒரே நாளில் பாய் நாற்றங்கால் விட்டனர். பதினான்காம் நாள் நாற்று தயாராகிவிட்டது, ஆனால் ஊர் தயாராகவில்லை. நடவுக்கு வந்த பெண்களிடம் யாரும் முன்கூட்டிப் பேசியிருக்கவில்லை. கயிறு பிடித்து, சதுரம் பார்த்து, விரல் நீள நாற்றை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும் என்று வயலில் இறங்கிய பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. "இது எங்களுக்கு ரெண்டு நாள் வேலை, ஒரு நாள் கூலிக்கு எப்படி நடுவோம்?" என்று நண்பகலில் கரையேறி விட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. மீண்டும் ஆள் கிடைக்க ஐந்தாறு நாள் ஆயிற்று. நட்ட மறுவாரம் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. வடிகால் தூர்ந்திருந்த பள்ளத்து வயல்களில் முழங்கால் அளவு நீர் நின்றது. சிறு நாற்றுகள் மூழ்கி அழுகின.

தூணோரம் இருந்தவர் பெயரும் அந்த எட்டில் இருந்தது. மூன்று மா நிலம் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்பவர். மற்றவர்களுக்கு வேறு வயல் இருந்தது, அவருக்கு அந்த மூன்று மாதான். பக்கத்து ஊரில் விலைக்கு நாற்று வாங்கி, மறுபடியும் நடவுக் கூலி கொடுத்து, பிந்திய பயிரில் கிடைத்ததை அறுத்தார். குத்தகை நெல்லை அளந்த பின் அவர் வீட்டுக்கு என்ன மிஞ்சியது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிறகு ஒரு நாள் அவரைப் போய்ப் பார்த்தேன். "அந்த வயலில் நீர் நிற்கும் என்று தெரிந்தும் ஏன் ஒப்புக்கொண்டீர்கள்?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, நான் அன்னிக்கே சொன்னேனே. எல்லாரும் சிரிச்சாங்க, நீங்களும் சிரிச்சீங்க. ஊரே செய்யலாம்னு சொல்லும்போது வந்த விருந்தாளியை மறிச்சு நான் ஒருத்தன் முடியாதுன்னு எப்படிச் சொல்வேன்?" என்றார்.

இந்தப் பதிலைத்தான் நான் இன்று உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன். முறையில் குறையில்லை, என் சொல்லிலும் பிழையில்லை. ஆனால் குழு எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் நான் முன்னே ஓடிவிட்டேன். என் அவசரத்திற்கு விலை கொடுத்தவர் அவர்.

இதுவரை கண்ட அனுபவம்

நம் மாவட்டத்திற்குப் புதுமை புதிதன்று. 1960-61இல் நாட்டில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு தீவிர வேளாண்மை மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. 'பாக்கேஜ் திட்டம்' என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். 1965இல் ஆடுதுறையிலிருந்து வெளிவந்த ஏ.டி.டி. 27 நெல் குறுவையில் விரைந்து பரவியது. அதன் குறுகிய வயது, உழவர் ஏற்கெனவே கைக்கொண்டிருந்த பருவ ஒழுங்கில் எளிதாகப் பொருந்தியதும் அதற்கு ஒரு காரணம். தயாராக இருந்த இடத்தில் செய்தி தானே ஓடும்.

1980களில் பயிற்சி மற்றும் பார்வையிடல் முறை வந்தது. இரண்டு வாரத்திற்கு ஒரு முறை குறித்த நாளில் அலுவலர் ஊருக்கு வருவார், தொடர்பு உழவரிடம் அந்தப் பட்டத்திற்கான செய்தியைச் சொல்வார். அலுவலர் வருகை உறுதியானது அதன் நன்மை. ஆனால் தலைமடையில் நட்டு முடித்தவருக்கும் கடைமடையில் நீருக்குக் காத்திருப்பவருக்கும் ஒரே நாளில் ஒரே செய்தி போகும் நிலையும் அதில் இருந்தது. செய்தி நாள்காட்டிப்படி நடந்தது. வயல் தன் நடையில் நடந்தது.

இதற்கு மாறான வழியை இந்தோனேசியா காட்டியது. அங்கே பூச்சி மருந்தை மிகுதியாகத் தெளித்ததால் புகையான் பெருகி நெல்லை அழித்தது. 1986இல் அந்நாட்டு அரசு 57 வகைப் பூச்சி மருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தக் கூடாதெனத் தடை செய்தது. 1989இல் அங்கே தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி, 1990களில் நம் நாட்டுக்கும் வந்தது. சுமார் 25 உழவர்கள், ஒரு பருவம் முழுவதும் வாரம் ஒரு நாள், வயலிலேயே கூடுவார்கள். ஐந்தைந்து பேராகப் பிரிந்து பயிரைப் பார்த்து, கண்ட பூச்சிகளையும் சிலந்திகளையும் தாளில் வரைந்து, என்ன செய்யலாம் என்று தாங்களே பேசி முடிவெடுப்பார்கள்.

அப்பள்ளியில் நடத்துபவருக்கு ஒரு பழக்கம் கற்றுத் தரப்படுகிறது. உழவர் ஒரு பூச்சியைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டால் உடனே பெயரைச் சொல்லக் கூடாது. "எங்கே பார்த்தீர்கள்? இலையிலா, தூரிலா? என்ன செய்துகொண்டிருந்தது?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். பெயரைச் சொன்னால் பேச்சு அத்துடன் நின்றுவிடும். திருப்பிக் கேட்டால் அவருக்கு எவ்வளவு தெரியும், அடுத்து எதைக் கேட்கத் தயாராக இருக்கிறார் என்பது நமக்குத் தெரிந்துவிடும்.

தயார்நிலை என்றால் என்ன?

நாற்றைப் பறிக்க நாள் கணக்கு மட்டும் பார்ப்பதில்லை. மூன்று இலை விட்டிருக்கிறதா என்று பார்க்கிறோம். செம்மை நெல்லுக்கு நீர் கட்டவும் தேதி பார்ப்பதில்லை. மண்ணில் மயிரிழை வெடிப்புத் தெரிகிறதா என்று பார்க்கிறோம். குழுவையும் அவ்வாறே நான்கு வகையில் பார்க்க வேண்டும்.

முதலாவது, நீர். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது மரபு. ஆனால் 2022இல் மே 24இலேயே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28இல்தான் திறந்தார்கள். திறந்த நீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கிருந்து கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் பல நாள் ஆகும். ஒரே குழுவில் தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் இருந்தால் அவர்களின் 'தயார்' ஒரே நாளில் வராது.

இரண்டாவது, ஆள். நடுபவர், களை எடுப்பவர், டிராக்டர் ஓட்டுபவர் ஆகியோரின் சம்மதம் இல்லாமல் உழவரின் சம்மதம் மட்டும் பயன்படாது.

மூன்றாவது, கைமுதல். கூட்டுறவுக் கடன் வந்ததா, நகை எங்கே இருக்கிறது, சென்ற பருவ நெல்லுக்குப் பணம் வந்ததா என்பதை அறியாமல் புதிய செலவைச் சொல்லக் கூடாது.

நான்காவது, மனம். சென்ற ஆண்டு நட்டப்பட்டவர் இந்த ஆண்டு எந்தப் புதுமையையும் இரண்டு முறை யோசிப்பார். அதை மந்தம் என்று எண்ணக் கூடாது.

கூட்டத்தில் கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

1. "செய்யலாம், செய்யலாம்" என்று இருமுறை வந்தால் பெரும்பாலும் அது மரியாதைச் சொல். "பார்ப்போம்" என்றால் இப்போது இல்லை என்று பொருள். "நீங்க சொன்னா சரிதான்" என்றால் பொறுப்பு உங்கள் தலையில் என்று பொருள்.

2. "தண்ணி வந்தா", "ஆள் கிடைச்சா", "மழை விட்டா" என்று வருவதை உடனே நிறுத்திக் கேளுங்கள். அந்த நிபந்தனையில்தான் உண்மையான தடை இருக்கிறது. நகைச்சுவையாகச் சொன்னாலும் விடாதீர்கள்.

3. கேள்வியின் தன்மையைப் பாருங்கள். "மானியம் உண்டா?" என்பது தொடக்கநிலை. "எங்க வயல் களிமண், அதுல கோனோவீடர் ஓடுமா?" என்று கேட்டால் அவர் மனத்துக்குள் தம் வயலில் இறங்கிவிட்டார் என்று பொருள். அவருக்கு அடுத்த செய்தியைச் சொல்லலாம்.

4. பேசுபவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். இருபது பேரில் மூன்று பேரே பேசினால் அது மூன்று பேரின் வேகம். பெரும்பாலும் அவர்கள் தலைமடைக்காரர்களாகவும் சொந்த நிலம் உள்ளவர்களாகவும் இருப்பார்கள்.

5. எல்லா மௌனமும் ஒன்றல்ல. தரையில் குச்சியால் கோடு கிழித்துக்கொண்டு மௌனமாக இருப்பவர் கணக்குப் போடுகிறார், அவருக்கு நேரம் கொடுங்கள். வாசலைப் பார்த்துக்கொண்டு மௌனமாக இருப்பவருக்கு மாடு கட்டும் நேரம் வந்துவிட்டது, அவரை விட்டுவிடுங்கள்.

6. கூட்டம் முடிந்த பின் டீக்கடையில் என்ன பேசுகிறார்கள் என்பதே உண்மையான கூட்டக் குறிப்பு. கூட்டம் முடிந்தவுடன் புறப்படாமல் அரைமணி நேரம் இருங்கள்.

அறிந்த பின் என்ன செய்வது?

குழு பின்தங்கியிருந்தால் செய்தியைக் குறையுங்கள், குரலை உயர்த்தாதீர்கள். ஒரு கூட்டத்தில் ஒரு வேலை போதும். விதை நேர்த்தி சொல்லும் நாளில் அதை மட்டும் சொல்லி, அங்கேயே உப்புக் கரைசலில் நெல்லைப் போட்டு, மிதக்கும் பதரை அவர்கள் கையாலேயே அள்ளச் சொல்லுங்கள்.

குழு முந்திக்கொண்டிருந்தால் அதைப் பிடித்து வைக்காதீர்கள். வயலில் புகையானைக் கண்டு பதறி வந்தவர்களிடம், இன்றைய பாடம் உரம் என்று சொல்லக் கூடாது. கையிலிருக்கும் குறிப்பை மடித்து வைத்துவிட்டு வயலுக்குப் போங்கள்.

குழு இரண்டாகப் பிரிந்திருந்தால் ஒரே தேதியைத் திணிக்காதீர்கள். தயாரானவர்கள் முதலில் சிறிய அளவில் செய்யட்டும். மற்றவர்கள் வரப்பில் நின்று பார்க்கட்டும். வரப்பில் நிற்பவரைப் பின்தங்கியவர் என்று கூட்டத்தில் சுட்டிக் காட்டாதீர்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதே பங்கேற்புதான்.

முக்கியமாக, மறுப்பதற்கு ஒரு வழி வைத்துக் கொடுங்கள். நம் ஊர்களில் நேருக்கு நேர் 'முடியாது' என்று சொல்வது எளிதன்று. எனவே, "செய்யலாமா?" என்று கேட்காதீர்கள். "இதைச் செய்தால் நம் ஊரில் எந்த வயலில் கெட்டுப் போகும்?" என்று கேளுங்கள். வயலைப் பற்றிக் குறை சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. அந்தப் பதிலில் வேண்டிய செய்தி அனைத்தும் வந்துவிடும்.

மறு ஆண்டு

நான் மறு ஆண்டு குறுவைக்கு முன் அதே ஊருக்குப் போனேன். உள்ளே நுழையவே கால் கூசியது. இம்முறை செம்மை நெல் என்ற பேச்சையே எடுக்கவில்லை. மேலே சொன்ன கேள்வியைத்தான் கேட்டேன். எந்த வயலில் எந்த மாதம் எவ்வளவு நீர் நிற்கும் என்று மண்டபத் தரையிலேயே சுண்ணாம்பால் வரைந்து காட்டினார்கள். வடிகால் வாய்க்கால் எங்கே தூர்ந்திருக்கிறது என்பதும் அதில் வந்துவிட்டது. அன்றைய கூட்டம் வடிகாலைத் தூர்வாருவது என்ற முடிவோடு முடிந்தது. நெல் முறை பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

இரண்டாவது கூட்டத்திற்கு நடவுப் பெண்களையும் அழைத்தோம். பாய் நாற்றை அவர்கள் கையில் கொடுத்து ஒரு மூலையில் நட்டுப் பார்க்கச் சொன்னோம். முதல் நாள் தாமதமாகத்தான் நடும், மூன்றாம் நாள் கை பழகிவிடும் என்று அவர்களே சொன்னார்கள். பழகும் வரை நாள் கூலி, பிறகு பழைய கணக்கு என்று அங்கேயே பேசி முடித்தார்கள். அந்தக் குறுவையில் மேட்டு வயல் உள்ள நான்கு பேர் மட்டும் ஆளுக்கு அரை மா அளவில் நட்டனர். பள்ளத்து வயல்காரர்கள் நடவில்லை. நடச் சொல்லி நானும் கேட்கவில்லை.

மூன்று மா குத்தகைக்காரர் அந்த ஆண்டு நான்கு வயல்களையும் வாரம் தவறாமல் வந்து பார்த்தார். தூர் கட்டியதை எண்ணினார். பூக்கும் பருவத்தில் ஒரு நாள் என்னிடம், "என் வயலுக்குச் சின்ன நாத்து ஆகாது. ஆனா சதுர நடவும் கோனோவீடரும் ஆகும். இருபது, இருபத்தஞ்சு நாள் நாத்தை அப்படி நடலாமா?" என்று கேட்டார். நான் கொடுக்க எண்ணிய பாடம் அது அல்ல, ஆனால் அவர் வயலுக்கு ஏற்ற பாடம் அதுதான். நடலாம் என்றேன். நட்டார். அவர் தயாரான நாள் அது. அதை என் நாட்குறிப்பு காட்டவில்லை, அவர் கேட்ட கேள்வி காட்டியது.

உழவர் பெருமக்களே, தலைமடையில் நீர் நுரைத்து ஓடுவதைப் பார்த்துவிட்டுப் பாசனம் முடிந்தது என்று எந்த உழவரும் வீட்டுக்குப் போவதில்லை. கடைசி வயலில் நீர் ஏறியதா என்று வாய்க்கால் ஓரமாக நடந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் மடையை அடைக்கிறோம். அடுத்த கூட்டத்திலும் அவ்வாறே செய்யுங்கள். முன்வரிசையில் இருப்பவர் தலையாட்டியதும் எழுந்து விடாதீர்கள். தூணோரம் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று ஒரு முறை கேட்டுவிட்டு எழுங்கள்.